மூடி திறந்த நாள்

கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் முதலில் காப்பி வரும், பின்னாலேயே ஏதாவது ஒரு வழக்கும் வரும். போன மாதம் வந்த வழக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. முகத்துக்குப் பூசும் வைட்டமின் சி சீரம். வாங்கின அன்று தண்ணீர்போல் இருந்ததாம். இப்போது பால் விடாத நல்ல தே-ஓ நிறம். குப்பியைக் கவிழ்த்து, அடியில் அச்சடித்திருந்த தேதியைக் காட்டினார். இன்னும் ஒன்றரை வருடம் பாக்கியிருந்தது.

"டேட்டு இருக்குலா. அப்புறம் எப்படி இப்படி ஆச்சு? எண்பது வெள்ளிடி!"

கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்பது அவர் கட்சி. குப்பி எங்கே இருந்தது என்று கேட்டேன். குளியலறையில், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில், சுடுநீர்க் கருவிக்குப் பக்கத்தில். மூடி? "காலையில அவசரத்துல சில நாளு..." என்று இழுத்தார். கடைக்காரரை விட்டுவிட்டோம்.

ஆனாலும் அக்காவின் கேள்வி நியாயமான கேள்விதான். அழகுப் பொருளின் மேல் இருக்கும் தேதி எதற்கு வாக்குக் கொடுக்கிறது, கோலாலம்பூர் வெயிலில் அந்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். பெட்டியில் இருக்கும் தேதி மூடிய குப்பியின் ஆயுள். நாமோ வாங்கிய அன்றே மூடியைத் திறந்துவிடுகிறோம். அந்த நாளிலிருந்து ஓடும் கடிகாரம் வேறு. அதை யாரும் பெட்டியில் அச்சடித்துத் தர முடியாது. எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான், எழுதுவதில்லை.

முதலில் சட்டம். மலேசியாவில் அழகுப் பொருள்களுக்கு 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் பொருந்தும். அவற்றைப் பார்த்துக்கொள்வது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், சுருக்கமாக என்பிஆர்ஏ. ஆசியான் நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி விதிகளை வைத்துக்கொள்வதென்று 2003 செப்டம்பரில் புனோம் பென்னில் கையெழுத்திட்டன. அதையொட்டி 2008 ஜனவரி 1 முதல் இங்கே பழைய பதிவு முறை போய் அறிவிப்பு முறை வந்தது. அதாவது, விற்கிறவர் 'இன்னின்ன சேர்த்து இப்படிச் செய்திருக்கிறேன், பாதுகாப்பானது, பொறுப்பு என்னுடையது' என்று அறிவித்து ஓர் எண் வாங்கிக்கொள்கிறார். நிறுவனம் பிறகு சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிக்கும். தப்பு இருந்தால் அறிவிப்பை ரத்து செய்யும். என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும் அந்த எண்ணைக் காட்டி 'கேகேஎம் லூலுஸ்', அதாவது சுகாதார அமைச்சின் ஒப்புதல் பெற்றது, என்று இரவுச் சந்தையில் கூவுகிறார்களே, அது மிகை. சுகாதார அமைச்சு அந்த ஜாடியைத் திறந்து பார்த்து நல்லதென்று சொல்லிவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. எண்ணே இல்லாத பொருளை விற்பது குற்றம் என்பது வேறு. தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விழலாம்.

தேதிக்கு வருவோம். ஆசியான் விதிப்படி பொருளின் மேல் தயாரித்த தேதியோ காலாவதித் தேதியோ, மாதமும் ஆண்டும் புரியும்படி இருக்க வேண்டும். 30 மாதத்துக்குக் குறைவாகத் தாங்கும் பொருளென்றால் காலாவதித் தேதி கட்டாயம். அதற்கு மேல் தாங்குமென்றால் தயாரித்த தேதி மட்டும் போதும். இந்த 30 மாதக் கணக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே 2005 மார்ச்சிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: நீண்ட நாள் தாங்கும் பொருள்களில் மூடி திறந்த ஜாடியின் சின்னப் படம், அதற்குள் ஓர் எண், பக்கத்தில் 'எம்' என்ற எழுத்து. 6, 12, 24 என்று இருக்கும். திறந்த பிறகு இத்தனை மாதம் என்று பொருள். ஐரோப்பியச் சரக்கும் அதைப் பார்த்துச் செய்த சரக்கும் நம் கடைகளில் நிறைய இருப்பதால் இந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். கிரீம் ஜாடி என்பதால் போட்ட அலங்காரம் என்றே என் தோழி ஒருத்தி பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாடுகள் தங்கள் போக்கில் போகின்றன. ஜப்பானில் முறையாக வைத்தால் 3 ஆண்டுக்கு மேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அழகுப் பொருளுக்குத் தேதி போடச் சொல்லும் சட்டமே கிடையாது; அங்கே மருந்தாகக் கருதப்படும் சன்ஸ்கிரீன் மட்டும், 3 ஆண்டு தாங்கும் என்று நிரூபிக்காவிட்டால், தேதி போட்டாக வேண்டும். இந்தியாவில் இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்து என்று மாதமும் வருடமும் கேட்கிறார்கள். கொரியச் சரக்குதான் நம் பெண்பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஒரு தேதி. பக்கத்தில் கொரிய எழுத்தில் ஒரு சொல். 'ஜேஜோ' என்றால் தயாரித்த நாள், 'காஜி' என்றால் அந்த நாள் வரை. எழுத்து தெரியாமல், போன வருடம் தயாரித்த புத்தம் புதுக் கிரீமைப் போன வருடமே முடிந்துவிட்டதென்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. எதிர்த்திசையில் தப்புக் கணக்குப் போட்டு, முடிந்ததைப் பூசிக்கொண்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

எந்த நாட்டுத் தேதியாக இருந்தாலும் அதன் பின்னால் ஓர் அறை இருக்கிறது. பொருளை அந்த அறையில் மாதக்கணக்கில் வைத்துச் சோதித்துத்தான் ஆயுளைச் சொல்கிறார்கள். மருந்துகளுக்கு இதில் திட்டமான கணக்கு உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதி சேர்ந்திருக்கும் இரண்டாம் மண்டலத்துக்கு 25 டிகிரி வெப்பம், 60 விழுக்காடு ஈரப்பதம். மலேசியா இருக்கும் நான்காம் மண்டலத்தின் 'பி' பிரிவுக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு. அழகுப் பொருள்களுக்கு இந்த அளவு கறார் இல்லை. செய்கிறவர்கள் தங்கள் பொருளுக்குத் தக்க சோதனையைத் தேர்ந்துகொள்ளலாம். பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியல் ஆசிரியர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, ஏர்கோன் அணைத்து, சன்னல் சாத்தியிருக்கும் மேற்கு பார்த்த அடுக்குமாடி வீட்டில் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். பாரிசில் 24 மாதம் என்றால் செராசில் எத்தனை மாதம் என்பதற்கு வாய்ப்பாடு எதுவும் என்னிடம் இல்லை. 24 இருக்காது என்பது மட்டும் உறுதி.

அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே பொருள் நிறைய வெயில் பார்த்திருக்கும். சென்னையிலிருந்து வரும் பவுடரும் கண்மையும் கிரீமும் இரும்புக் கொள்கலனில் ஏறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்குகின்றன. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த துறைமுகம் அது. குளிரூட்டாத கொள்கலன் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிறகு கடை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்தின மாதம் நடந்தவர்களுக்குத் தெரியும்: கடைக்குள் இடமில்லாமல் சரக்கெல்லாம் ஐந்தடி நடைபாதைக்கு வந்துவிடும். வளையல் ஒரு பக்கம், ஒட்டுப்பொட்டு அட்டைகள் தோரணமாக ஒரு பக்கம், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கிரீம் பெட்டிகள் கோபுரமாக. அங்கே நான் கற்றுக்கொண்ட சின்ன வித்தை ஒன்று உண்டு. பெட்டியைக் கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துச் சிவப்பு மட்டும் வெளுத்து ரோஸ் நிறமாக இருந்தால், அது வெயிலைப் பார்த்து நின்ற பெட்டி. அதை வைத்துவிட்டுக் கடைக்குள் போய், நிழலில் பின்வரிசையில் இருப்பதைக் கேட்க வேண்டும். கடைக்காரர் முணுமுணுப்பார், கொடுத்துவிடுவார்.

அதே பெட்டியை வாங்கிக் காரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் எல்லாம் வீண். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரி வந்துவிடும். லிப்ஸ்டிக் உருகி மூடியில் ஒட்டிக்கொண்டால் நமக்குத் தெரிகிறது. கிரீம் உருகினால் தெரிவதில்லை.

கிரீம் என்பது ஒரு சமரசம். தண்ணீரும் எண்ணெயும் சேரவே சேராதவை. அவற்றைப் பொடிப்பொடித் துளிகளாக்கி, நடுவில் ஒரு பொருளை வைத்துப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். சூடும் ஆறலும் மாறி மாறி வந்தால் கட்டு தளரும், அதுதான் முதல் கேடு. மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் நீர்க்க இருக்கும். ஃபவுண்டேஷன் புட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பூசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குலுக்கிப் பயன்படுத்து என்று எழுதியிருந்தால் சரி. எழுதாமலே குலுக்க வேண்டி வந்தால் கட்டு போய்விட்டது.

இரண்டாவது கேடு காற்றாலும் வெளிச்சத்தாலும். அக்காவின் சீரத்துக்கு நடந்தது இதுதான். வைட்டமின் சி ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் பூசினாலும் பூசாவிட்டாலும் ஒன்று என்றாகிவிடும். ரெட்டினாலும் வெளிச்சத்துக்குப் பயந்த பொருள். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் அதைக் காற்றுப் புகாத உலோகக் குழாயில் தருகிறார்கள். தண்ணீரே சேராத எண்ணெயும் தைலமும் இந்த வகையில்தான் கெடும். அதற்கு நம் வீட்டில் பழைய பெயர் உண்டு: சிக்கு வாடை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வாடைக்கு ஒரு தனி மரியாதை இருக்க வேண்டும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் உடல்பிடித்துவிடும் நிலையங்களும் அந்த வட்டாரத்தில் பல காலமாக உண்டு. எண்ணெயோடு தினமும் வேலை செய்கிற அவர்களுக்குப் புட்டியின் அடியில் அரிசிமணி அளவில் அச்சடித்த தேதியால் ஒரு பயனும் இல்லை. விரலால் தொட்டுப் படிக்கும்படி காலாவதித் தேதி போட்ட ஒரு பொருளும் இதுவரை என் கண்ணில் படவில்லை. மூக்குதான் அவர்களுக்குத் தேதி. கண் தெரிந்த நமக்கும் அந்த மூக்கு இருக்கிறது, அச்செழுத்தைப் பார்த்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். வாசனைத் திரவியம் சேர்த்த பொருளில் சிக்கு வாடை மறைந்து நிற்கும் என்பதும் உண்மை. பூ வாசத்துக்கு அடியில் பழைய எண்ணெய் வாசம் லேசாக வந்தால் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது கேடு உயிருள்ளது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரத் தண்ணீர் வேண்டும், கதகதப்பு வேண்டும், கொஞ்சம் சாப்பாடு வேண்டும். கிரீம் ஜாடியில் மூன்றும் தயாராக இருக்கின்றன. கொண்டுபோய் விடுவது நம் விரல். ஆசியான் வரம்புப்படி கண்ணைச் சுற்றிப் பூசும் பொருளிலும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருளிலும் ஒரு கிராமுக்கு 500 நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது, மற்றவற்றில் 1,000. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா அல்பிகன்ஸ் மூன்றும் அறவே ஆகாது. இதெல்லாம் விற்பனைக்கு வரும் பொருளுக்கான கணக்கு. பயன்பாட்டில் இருக்கும் பொருளின் கணக்கை இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். பயன்படுத்திய 467 பொருள்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள்: லிப்ஸ்டிக், உதட்டுப் பூச்சு, கண்கோடு, மஸ்காரா, ஃபவுண்டேஷன் தடவும் பஞ்சு. வகையைப் பொறுத்து 79 முதல் 90 விழுக்காடு வரை பாக்டீரியா இருந்தது. ஆக மோசம் பஞ்சு. 93 விழுக்காட்டுப் பஞ்சுகளை ஒரு தடவைகூட அலசியதில்லை. 64 விழுக்காடு ஒரு முறையாவது தரையில் விழுந்து எழுந்தவை. அது குளிர்நாடு. ஈரப் பஞ்சை மூடிய டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எல்ஆர்டியில் மஸ்ஜிட் ஜாமெக் தாண்டிப் போகும் நம் ஊர்ப் பஞ்சைச் சோதித்தால் என்ன வரும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

மூடியின் அருமைக்கு நான் படித்ததில் சிறந்த சாட்சி லண்டனில் இருக்கிறது. 2003இல் சவுத்வார்க் பகுதியில் ரோமானியர் காலக் கோயில் வளாகம் ஒன்றைத் தோண்டியபோது, உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளீயச் சிமிழ் கிடைத்தது. மூடி இறுக்கமாகப் பொருந்தியிருந்தது. திறந்தால் உள்ளே வெள்ளைக் கிரீம். ஏறத்தாழ 1,850 வருடம் பழையது. மூடியின் உட்புறத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பகுத்துப் பார்த்தபோது விலங்குக் கொழுப்பு, மாவுப்பொருள், வெள்ளீய ஆக்சைடு என்று தெரிந்தது. காற்றுப் புகாத சிமிழ், குளிர்ந்த ஈரமண், இருட்டு, அதன்பின் யாரும் விரல் விடாதது. நம் ஜாடிகளுக்கு வாய்க்காத நான்கும் அதற்கு ஒரே இடத்தில் வாய்த்திருக்கின்றன.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி வேறு: தண்ணீரையே எடுத்துவிடுவது. நலங்கு மாவு, சீயக்காய், அரப்பு, கஸ்தூரி மஞ்சள், குங்குமம், திருநீறு என்று எல்லாமே பொடி. வேண்டும்போது வேண்டிய அளவு நீர் விட்டுக் குழைப்பது, மீந்தால் கழுவி ஊற்றுவது. இந்த மண்ணில் மலாய்க்காரர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். பெடாக் செஜுக் என்று மணிமணியாக ஒரு முகப்பூச்சு உண்டு. அரிசியை வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போடுவார்கள். அரிசி நைந்து, தெருவே மூக்கைப் பிடிக்கும்படி நாறும். பிறகு அரைத்து, வடிகட்டி, தெளியவைத்து, அடியில் தங்கும் மாவைச் சொட்டுச் சொட்டாக வார்த்து வெயிலில் காயவைத்தால் வெள்ளை மணிகள். வாசனைக்குப் பாண்டான் இலையோ மலரோ சேர்ப்பது உண்டு. காய்ந்துவிட்டால் நாற்றமும் போய்விடும், கெடுவதும் நின்றுவிடும். இரவில் இரண்டு மணியை உள்ளங்கையில் வைத்து, நாலு சொட்டு நீர் விட்டுத் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். கெட வேண்டியதை எல்லாம் முதலிலேயே கெடவிட்டுப் பிறகு காயவைத்த பொருள் அது. இதைவிட நேர்த்தியான பதப்படுத்தலை நான் வேறெந்த அழகுப் பொருளிலும் பார்த்ததில்லை.

இதைச் சொன்னதும் 'பார்த்தீர்களா, அந்தக் காலத்தில்...' என்று யாராவது தொடங்குவார்கள். அவசரம் வேண்டாம். பொடி கெடாது என்பது ஒன்று, நல்லது என்பது இன்னொன்று. சுர்மா வகைக் கண்மைகளில் ஈய சல்ஃபைடு பாதிக்கு மேல்கூட இருப்பதுண்டு. அது நூறு வருடம் ஆனாலும் கெடாது. பூசிய நாளிலிருந்தே விஷம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் வெளிச்சத்தில் நிறம் மங்கும், அதைச் சிமிழில் மூடிவைத்தால் போதும். கடையில் மங்காமல் பளபளக்கும் குங்குமத்தில் நிறமேற்றி எது என்று கேட்க வேண்டும். ஒட்டுப்பொட்டின் பசையில் சேரும் ஒரு பிசின் சிலருக்கு நெற்றியில் பொட்டளவுக்கு வெள்ளைத் தழும்பு உண்டாக்கும். பொட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. தோலுக்கு ஒரு பொறுமை எல்லை இருக்கிறது. முகம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் கண்டுபிடித்து என்பிஆர்ஏ அறிவிப்பை ரத்து செய்யும் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. சட்டம் அனுமதிக்கும் அசுத்த அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. பாதரசம் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் அந்தக் கிரீம் கெடாமலே இருக்கும் என்பது கொடுமையான வேடிக்கை.

பழைய வழியை அரைகுறையாக எடுத்துக்கொண்டதில் வந்ததுதான் இப்போதைய பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். பாராபென் என்ற பதனப்பொருளின் பெயரைக் கேட்டாலே பயம். அதனால் 'இயற்கை, ரசாயனம் இல்லாதது, வீட்டில் செய்தது' என்று கற்றாழைக் கூழ், பன்னீர் மிஸ்ட், பப்பாளிக் கிரீம் எல்லாம் வாட்சாப் குழுக்களில் விற்பனைக்கு வருகின்றன. தண்ணீர் சேர்த்த பொருளில் பதனப்பொருள் இல்லையென்றால் அது சமைத்த சாம்பார் மாதிரி. மூன்றாம் நாள் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்துச் சாப்பிட மாட்டோம், முகத்தில் மட்டும் பூசிக்கொள்கிறோம். பதனப்பொருள்களுக்குச் சட்டத்தில் அளவு உண்டு: ஃபினாக்சி எத்தனால் 1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, மெத்தில் பாராபென் தனியாக 0.4 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. அந்த அளவுக்குள் இருக்கும் பதனப்பொருளைவிடப் பச்சைப் பூஞ்சை பூத்த இயற்கைக் கிரீமுக்குத்தான் நான் பயப்படுவேன். கற்றாழை பிடிக்குமென்றால் மடலை வெட்டி அன்றைக்கே பூசி முடித்துவிடுவது உத்தமம்.

மருதாணிக்கும் இதே கதை. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் தீபாவளி நேரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போட்டுவிடுவார்களே, அந்தக் கூம்புகளில் நல்ல மருதாணி என்றால் அறை வெப்பத்தில் சில நாள்தான் நிறம் கொடுக்கும். உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தும் பத்தே நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கிற கூம்பைக் கண்டால் கையை இழுத்துக்கொள்ளலாம். தலைச்சாயத்துக்கு மட்டும் அனுமதித்த பாரா-ஃபினைலீன்டையமின் என்ற பொருள் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். கையில் கொப்புளமாக எழும்பி, தழும்பாக நிற்பது அதனால்தான்.

கல்யாணப் பருவத்தில் மணப்பெண் ஒப்பனைக்குப் பேசும்போது புடவைக் கட்டு, கொண்டை, விலை எல்லாம் கேட்கிறோம். ஒப்பனைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. சொல்லலாம், தப்பில்லை. கவனமான ஒப்பனைக்காரர் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்க மாட்டார். சின்னக் கரண்டியால் சுரண்டித் தட்டில் எடுத்துக்கொண்டு தூரிகையால் பூசுவார். மஸ்காராவுக்குத் தூக்கி எறியும் தூரிகை வைத்திருப்பார், ஒரு முறை தொட்டதைத் திரும்பக் குழாயில் விட மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு புட்டியின் அடியிலும் வெள்ளை நாடா ஒட்டித் திறந்த மாதத்தை எழுதி வைத்திருந்தார். பெட்டியைக் காட்டச் சொன்னதும் சந்தோஷமாகக் காட்டினார். அவரிடமே பேசி முடித்தோம்.

கண்ணுக்கு இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கெட்ட மஸ்காராவிலிருந்து சூடோமோனாஸ் தொற்றிக் கருவிழியில் புண் வந்த சம்பவங்களை அமெரிக்க மருத்துவர்கள் 1970களிலேயே எழுதிவிட்டார்கள். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்தில் மாற்றச் சொல்வது அந்த அனுபவத்தால்தான். காய்ந்துபோனது என்று எச்சிலோ தண்ணீரோ விட்டு இளக்குவதை எந்த மாதத்திலும் செய்யக் கூடாது. நீர்மக் கண்கோட்டுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. ஜாடிக் கிரீமுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இறைக்கும் மூடி வைத்ததென்றால் விரல் படாததால் கொஞ்சம் கூடத் தாங்கும். லிப்ஸ்டிக் ஒன்றிரண்டு வருடம். காய்ந்த பவுடர் இரண்டு மூன்று வருடம், ஈரப் பஞ்சு படாமல் இருந்தால். கண்ணில் தொற்று வந்து ஆறிவிட்டால் அப்போது பயன்படுத்திய கண் சாமான் அத்தனையையும், நேற்றுத் திறந்ததாக இருந்தாலும், போட்டுவிட வேண்டும்.

சன்ஸ்கிரீனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மற்றதுபோல் காட்டிக்கொடுக்காது. லிப்ஸ்டிக் கெட்டால் நாறும், பவுடர் கெட்டால் கட்டி தட்டும். சன்ஸ்கிரீன் வலுவிழந்தாலும் வெள்ளையாக, வாசனையாக அப்படியே இருக்கும். காப்பது மட்டும் நின்றிருக்கும். துத்தநாக ஆக்சைடுபோன்ற தாதுத்தூள் கெடாதுதான், ஆனால் அதைத் தாங்கும் கிரீமின் கட்டு விட்டுப்போனால் பூசும் இடத்தில் ஒரு திட்டில் இருக்கும், அடுத்த திட்டில் இருக்காது. காரிலேயே வைத்திருந்தால் மறக்காமல் பூசலாம் என்று டேஷ்போர்டில் வைப்பவர்கள் நம்மில் ஏராளம். நானும் வைத்திருந்தேன்.

அப்படியானால் குளிர்பெட்டியில் வைக்கலாமா? இப்போது இதற்கென்றே ரோஸ் நிறத்தில் குட்டிக் குளிர்பெட்டி விற்கிறார்கள். வைட்டமின் சி சீரத்துக்கு நல்லது. பதனப்பொருள் குறைந்த எதற்கும் நல்லது. எண்ணெய்ப் பசையுள்ள தைலங்கள் உறைந்து மணல் மணலாகும். பவுடரை வைத்தால் வெளியே எடுக்கும்போது நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் பனித்து, தண்ணீர் இல்லாத பொருளுக்கு நாமே தண்ணீர் ஊற்றினது போலாகும். எல்லாவற்றையும்விட, காலையில் எடுத்து மேசையில் வைத்து, இரவில் திரும்ப உள்ளே வைப்பது ஆகக் கெடுதல். அந்த ஏற்ற இறக்கத்தைவிட ஒரே மாதிரி 28 டிகிரியில் இருப்பது மேல். பெரும்பாலான சாமான்களுக்குப் படுக்கையறையில் வெயில் படாத இழுப்பறை போதும். குளியலறை மட்டும் ஆகாது. வீட்டிலேயே அதிக ஈரமும், ஒரு நாளில் அதிகமாக ஏறி இறங்கும் வெப்பமும் அங்கேதான். நாம் எல்லோரும் அங்கேதான் வைக்கிறோம், கண்ணாடி அங்கே இருப்பதால்.

அக்காவின் சாமான்களைக் குளியலறையிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையில் பரப்பினோம். பதினேழு இருந்தன. சீரம் போனது. பிரிந்த ஃபவுண்டேஷன் போனது. அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தனியே எடுத்துச் சாமி அலமாரியில் வைத்தார். மிச்சத்தில் திறந்த தேதியை எழுதிவிடலாம் என்று பிள்ளையின் பள்ளிப்பையிலிருந்து மார்க்கர் பேனா எடுத்து வந்தார். முதல் இரண்டுக்கு ஞாபகமாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஒரு நைட் கிரீம். கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தார்.

"இது தீபாவளிக்குத் திறந்ததுலா."

எந்தத் தீபாவளி என்று கேட்டேன்.